சல்லடை யார் கையில்?

மாவு சலிக்கும் சல்லடையை அண்டை வீட்டாரிடம் கொடுத்து, 'மாவு எது, கப்பி எது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்' என்று எந்தத் தமிழ்த்தாயும் சொல்வதில்லை. மின்னஞ்சல் வந்து விழும் இடத்திலோ தமிழர் இன்று செய்துகொண்டிருப்பது அதுவே. தமிழ் மன்றங்களும் பதிப்பகங்களும் காசு கொடுத்து இணையவழங்கியில் இடம் பெறுகின்றன. தம் பெயரில் தளமும் முகவரியும் அமைத்துக்கொள்கின்றன. வரும் மடல்களைப் பகுக்கும் வேலையை மட்டும் அயலார் அமைத்துவைத்தபடியே விட்டுவிடுகின்றன. நன்கொடை அனுப்பிய அன்பரின் மடல் குப்பைப் பெட்டியில் கிடக்க, பரிசு விழுந்ததென்று பசப்பும் ஏமாற்று மடல் முகப்பில் வந்து அமர்வது இதனால்தான்.

குப்பைமடல் புதிதன்று. 1978-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் கணினி நிறுவனம் ஒன்றின் விற்பனையாளர் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விற்பனை மடலை விடுத்துப் பலரின் சினத்துக்கு ஆளானார். குப்பை வளர வளரச் சல்லடையும் வளர்ந்தது. மடல்களைப் பகுக்கும் கட்டளைகளை எழுதுவதற்கென்றே 'சீவ்' என்றொரு மொழி 2001-இல் வரையறுக்கப்பட்டு, 2008-இல் திருத்தம் பெற்றது. சல்லடை என்பதே அப்பெயரின் பொருள். அம்மொழி அறியாதார்க்கும் வழி உண்டு. சிபேனல் போன்ற ஆளுகைப் பலகைகளில், 'பொருள்வரியில் இன்ன சொல் இருந்தால் இம்மடலை இன்ன பெட்டியில் இடுக' என்று கட்டங்களை நிரப்பினாலே போதும்.

அந்தக் கட்டத்தில் இடும் சொல் தமிழ்ச்சொல்லாக, தமிழெழுத்தில் இருத்தல் வேண்டும். இது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையிலுள்ள ஊரப்பாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். அவ்வூர்க் கிளையைப் பற்றி வரும் மடல்களைத் தனியே பிரிக்க விரும்பும் மன்றம் ஆங்கில எழுத்தில் எத்தனை கட்டளைகள் எழுதும்? ஒருவர் 'யு' இட்டுத் தொடங்குவார். இன்னொருவர் இரண்டு 'ஓ' இடுவார். 'பி'யை ஒற்றையாக விடுவார் சிலர், இரட்டிப்பார் சிலர். தமிழெழுத்தில் ஊரப்பாக்கம் ஒன்றே. புகாரின் மருவூர்ப்பாக்கத்திலிருந்து இன்றுவரை உயிரோடு வரும் 'பாக்கம்' என்னும் சொல்லை எழுத நமக்கு ஐயம் ஏது?

ஆனால் தமிழில் கட்டளை எழுதுவோர் தமிழிலக்கணம் அறிந்திருத்தல் வேண்டும். கணினி எழுத்தோடு எழுத்தை ஒட்டிப் பார்க்குமேயன்றிச் சாரியை அறியாது. 'ஊரப்பாக்கம்' என்று கொடுத்தால், 'ஊரப்பாக்கத்தில் கூட்டம்' என்னும் மடலை அது கைவிட்டுவிடும். மகர ஈறு கெட்டு அத்துச்சாரியை புகுந்துவிட்டதன்றோ! 'ஊரப்பாக்க' என்று நிறுத்தினால் இரண்டும் அகப்படும். அவ்வாறே 'கட்டணம்' வேண்டா, 'கட்டண' போதும். 'மாநாடு' என்றால் 'மாநாட்டுக்கு' நழுவும். 'மாநாட' என்று இடுக. ('நாடு' என்பதையும் இப்படியே 'நாட' என்று நறுக்கினால் நாடகக்காரர் மடலெல்லாம் வந்து குவியும், அளவறிந்து வெட்டுக.) புணர்ச்சி இலக்கணம் பிழைப்புக்கு உதவாத பாடம் என்று எள்ளி நகைப்போர் இங்கே வந்து பார்க்கட்டும்.

இதனினும் நுட்பமான சிக்கல் ஒன்றுண்டு. தமிழெழுத்து 247, ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கிய இடமோ 128. உயிர்மெய்க்குத் தனியிடம் தராமல் மெய்யெழுத்தென்றும் துணைக்குறியென்றும் உடைத்துவைத்தனர். ஆகலின் 'கொ' என்பதை, ககரத்தோடு ஒகரக்குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகளைத் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. குறியெண்ணை மட்டும் ஒப்பிடும் சல்லடைக்கு இரண்டும் வேறு. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய மடல்களில் இப்பிளவு தென்படுவதுண்டு. அப்படி வரும் 'நன்கொடை', நாம் எழுதிய 'நன்கொடை'யில் சிக்காது. தமிழ்நாட்டரசு 2010-இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்று ஆணையிட்ட தமிழ் அனைத்தெழுத்துக் குறியாக்கத்தில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் உண்டு. அங்கே இந்தப் பிளவு எழவே வழியில்லை. ஆயினும் உலகெங்கும் மடல் ஓடுவது ஒருங்குறியில்தான். எனவே இரு வடிவங்களையும் 'அல்லது' என்று இணைத்தே கட்டளை எழுத வேண்டியிருக்கிறது. ('ஔவை'யை ஒகரமும் ளகரமும் இட்டு 'ஒளவை' என்று எழுதுவோர் கணினியைக் குறைகூற இயலாது. அது நம்மவர் பிழை.)

பல வழங்கிகளில் இயங்கும் 'சுபாம் அசாசின்' என்னும் நிரல், மடலுக்குப் புள்ளி இட்டு, இயல்பமைப்பில் 5 புள்ளியை எட்டியதைக் குப்பை என்று முத்திரை குத்துகிறது. அதன் எழுத்துவகைத் தெரிவில் மேலையெழுத்து, சப்பானியம், கொரியம், உருசியம், தாய், சீனம் என ஆறே உள்ளன. மூவாயிரம் மொழிப்புலவர் தோன்றினும் தமிழுக்கு அங்கே பாய் விரிக்கப்படவில்லை! மொழியை உய்த்தறியும் துணைநிரலில் தமிழ் இடம்பெற்றிருப்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் வழங்கியை ஆள்பவர் இயக்கினாலன்றி அத்துணைநிரல் உறங்கிக்கொண்டே இருக்கும். ஆண்டுதோறும் வாடகை கட்டும் தமிழருள் அதை எழுப்புமாறு கேட்டவர் எத்துணைப் பேர்?

ஊரப்பாக்கத்திலிருந்து மகேந்திரா நகரத்துக்கும் சிறுசேரிக்கும் நாள்தோறும் வேலைக்குச் செல்லும் தமிழிளைஞர் இக்கலையெல்லாம் அறிந்தவர். அயலாரின் கணினிகளைக் காக்கும் அவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரு பிற்பகலைத் தம் ஊர் மன்றத்துக்குத் தரலாகாதா? இலக்கணம் அறிந்த ஆசிரியர் ஒருவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு அவர்கள் அமர்ந்தால் பத்துக் கட்டளைகள் எழுத மாலைவரை ஆகாது. எழுதியதைப் பலகையிலுள்ள ஆய்வுக் கட்டத்தில் இட்டுப் பார்க்கட்டும். 'அழித்துவிடு' என்னும் கட்டளையை மட்டும் தொடக்கத்தில் தொட வேண்டா. அவ்வாறு அழியும் மடல் அனுப்பியவருக்கும் தெரியாமல் அழியும், பெறுபவருக்கும் தெரியாமல் அழியும். ஐயமானவற்றைத் தனிப்பெட்டி ஒன்றில் இட்டு, கிழமைக்கு ஒருமுறை திறந்து பார்த்து, நல்ல மடல் தவறி விழுந்திருந்தால் அதற்குரிய சொல்லைக் கட்டளையில் சேர்த்துக்கொண்டே வருக.