ரப்பர் செயின்: மலிவுன்னு சொன்னவன் யாருப்பா?

"செயின் போட்டா பஞ்சரே கிடையாது சார், அதுவே பாதி லாபம்." எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் சின்ன மெஷின் வாடகைக்கு விடற ஆளுங்ககிட்ட இந்த டயலாக்கை இப்பல்லாம் அடிக்கடி கேட்க வேண்டியிருக்கு. கனடாக்காரன் ஏடிவி வண்டியோட நாலு சக்கரத்தையும் கழட்டிட்டு, முக்கோணமா ரப்பர் செயின் மாட்டிக்கிட்டு பனியில பறக்கறான். அந்த வீடியோவைப் பார்த்துட்டு நம்மாளு தாழங்குப்பத்துல பறக்கக் கிளம்பறான். பறக்கட்டும், வேணாங்கல. பில்லை யார் கட்டறதுன்னுதான் கேக்கறேன்.

செயின்னு பேரே தவிர அதுல கண்ணி எதுவும் கிடையாது மக்களே. வளையமா வார்த்த ஒரு ரப்பர் பட்டை, உள்ளே ஸ்டீல் கம்பி, அவ்வளவுதான். வண்டி எடையை அகலமா பரப்பி விடறதால சேத்துல புதையாது. இது நிஜமான குணம், மறுக்கவே இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் ஈர வயல்ல நெல் அறுக்க செயின் வண்டியைத்தான் தேடறாங்க. வாடகை டயர் வண்டியை விட கூடுதல்னாலும் கொடுக்கறாங்க. ஏன்னா அங்க டயர் வண்டி இறங்கினா ஏறாது. கொசஸ்தலையாத்து முகத்துவார சேறுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

ஆனா நம்ம பேட்டையில ஒரு மெஷின் ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் சேத்துல நிக்குது? மிச்ச நேரமெல்லாம் கன்டெய்னர் யார்டு கான்கிரீட், ஜல்லி, இடிச்ச கட்டட கம்பி, எக்ஸ்பிரஸ் ரோட்டோரம், கடல் அரிப்புக்குக் கொட்டின கருங்கல். ரப்பர் செயினுக்கு எமன் யாருன்னு ஒரு லிஸ்ட் போட்டா இதே வரிசைதான் வரும். பாப்கேட் மாதிரி வண்டி நின்ன இடத்துலயே திரும்பும்போது பட்டை தரையில தேயுது பாருங்க, சொரசொரப்பான கான்கிரீட்ல அது ரப்பரை சீவி எடுக்கற வேலை. ஒரு கம்பி குத்தி ரப்பர் கிழிஞ்சா உள்ள இருக்கற ஸ்டீல் வெளிய எட்டிப் பாக்கும். அப்புறம் நம்ம உப்புக்காத்தும் உப்புத்தண்ணியும் அதைச் சும்மா விடுமா? துரு உள்ளேயே போகும். ஒரு நாள் பாரம் தூக்கும்போது பட்டுனு அறுந்து நிக்கும்.

கணக்குக்கு வருவோம். சின்ன லோடரோட ரப்பர் செயின் பொதுவா 1,200-லிருந்து 1,600 மணி நேரம் வரும்னு சொல்வாங்க. கல்லுலயும் கான்கிரீட்லயும் ஓட்டினா அதுல பாதி கூட தேறாம போகலாம். ஒரு பேச்சுக்கு ஜோடி 3 லட்சம்னு வெச்சுக்கங்க. 1,500 மணி நேரம் ஓடினா மணிக்கு 200 ரூபா. 600 மணி நேரத்துல போச்சுன்னா 500 ரூபா. டயர் நாலும் சேர்ந்து 60,000, அதுவும் இதே கரடுமுரடுல 600 மணி நேரந்தான் ஓடுச்சுன்னாலும் மணிக்கு 100 ரூபா. பஞ்சர் ஒட்டற காசை தாராளமா சேத்துக்கங்க, அப்பவும் கிட்ட வராது. எண்ணை உங்க ஊர் விலைக்கு மாத்திப் போட்டுப் பாருங்க, பெருசா மாறாது.

இது பட்டையோட செலவு மட்டும். அதைச் சுத்த வைக்கிற பல்சக்கரம், கீழே வரிசையா உருளை, பேரிங், சீல் எல்லாம் தனிக்கணக்கு. செயின் வண்டியோட பராமரிப்புச் செலவுல பாதி வரைக்கும் கீழ்ப்பகுதிதான் சாப்பிடும்னு மெஷின் விக்கிற கம்பெனிகளே சொல்றாங்க. ஏடிவியில மாட்டற முக்கோண செட்டு இன்னும் மோசம். டயருக்குன்னு செஞ்ச ஆக்சில், ஸ்டியரிங், கிளட்ச் பெல்ட் மேல அவ்வளவு எடையைத் தொங்க விட்டா என்ன ஆகும்? வேகம் குறையும், எரிபொருள் செலவு ஏறும், ஜாயின்ட் போகும். வாங்கும்போது கொட்டேஷன்ல இதெல்லாம் ஒரு வரி கூட இருக்காது.

இது புதுசா வந்த ஞானமும் இல்லை. கெக்ரெஸ்ங்கற பிரெஞ்சுக்காரர் ரஷ்ய ஜார் மன்னரோட கார்களுக்கு பனியில போக ரப்பர் பட்டை போட்டுக் கொடுத்தார். அதே பட்டையோட சிட்ரோயன் வண்டிகள் 1922-23-ல சஹாராவைத் தாண்டின. உலகமே கைதட்டுச்சு. அப்புறம் ஊர் ரோட்டுக்கு எல்லாரும் பட்டையா மாட்டிக்கிட்டாங்க? டயரோடதான் ஓட்டினாங்க. அவ்ளோ தூரம் எதுக்கு, ஆவடி டாங்கியையே நெடுந்தூரம்னா ட்ரெய்லர்லயோ ரயில்லயோ ஏத்தித்தான் அனுப்பறாங்க. இரும்புச் செயினுக்கே அந்த மரியாதை.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப உறுத்துது. ரப்பரைப் பத்தி ஊருக்கே பாடம் எடுக்க வேண்டிய ஏரியா இது. 1946-ல திருவொற்றியூர்ல பலூன் செய்ய ஆரம்பிச்ச எம்.ஆர்.எஃப், 1952-ல இறங்கினது டயருக்கு இல்லை, ட்ரெட் ரப்பருக்கு. அதாவது தேஞ்ச டயருக்கு மேல புதுத்தோல் போடற சரக்கு. முழு டயர் 1961-க்கு அப்புறந்தான். கூடு நல்லா இருந்தா மேல்தோல் மாத்து, தூக்கிப் போடாதேங்கறதுதான் லாரிக்காரன் பொழைச்ச சூத்திரம். செயின்ல அந்த வழி எங்க? உள்ள கம்பி துருப்பிடிச்சா மொத்தமும் காயலான் கடைக்குத்தான். டயருக்கு ரீட்ரேட் போட நம்ம பக்கம் கடை உண்டு. ரப்பர் செயினுக்கு அப்படி ஒரு கடையை நான் இங்க பாத்ததே இல்லை.

"இனிமே நம்ம கம்பெனியே பண்ணுது, விலை எறங்கிடும்"னு ஒருத்தர் சொன்னார். மிச்செலின்கிட்ட இருந்து காம்சோவோட செயின் வியாபாரத்தை, இலங்கையில இருக்கற ஆலைகளோட சேத்து, சியட் சுமார் 22.5 கோடி டாலருக்கு வாங்கறதா 2024 டிசம்பர்ல அறிவிச்சது, 2025-ல கைமாறிடுச்சு. சந்தோஷம். விலை எறங்கினாலும் கான்கிரீட் மெத்தையாயிடாதே அண்ணே :-)

எண்ணெய் கொட்டும்போதெல்லாம் "செயின் வண்டி இருந்திருந்தா"ன்னு ஒரு கூட்டம் கிளம்புது. 2017 ஜனவரி 28-ல கப்பல் ரெண்டு மோதி, எர்ணாவூர்ல ஆளுங்க வாளியில அள்ளினாங்களே, அது எங்க? தடுப்புக் கருங்கல் இடுக்குல. அங்க எந்தச் செயினும் ஏறாது. 2023 டிசம்பர்ல புயல் வெள்ளத்தோட கழிமுகத்துல எண்ணெய் பரவினப்ப மீனவர்கள் படகுலதான் போய் அள்ளினாங்க. அவங்களுக்கு கையுறையும் பூட்ஸும் ஒழுங்கான கூலியும் கேட்டிருக்கணும்.

கடைசியா நஷ்டம் எங்க போய் விழுதுன்னு சொல்லிடறேன். எங்க பக்கத்துல ஒரு காண்ட்ராக்டர், பேரு வேணாம், செயின் அறுந்ததுக்கு "நீ கன்னாபின்னான்னு திருப்பினே"ன்னு ஆபரேட்டர் சம்பளத்துல மாசம் 2,000 பிடிச்சார். பீகார் பையன், மூணு மாசம் பல்லைக் கடிச்சுட்டு ஊருக்குப் போயிட்டான். இடம் நெருக்கடியான யார்டுல திருப்பாம எப்படி ஓட்டறது? மெஷின் வாங்கினவர் தரையைப் பாக்காம வாங்குவாராம், தேய்மானத்துக்கு ஓட்டினவன் ஜவாப்தாரியாம்.

டிஸ்கி: வாங்கியே தீருவேங்கறவங்க, விக்கறவர்கிட்ட கான்கிரீட்ல ஓட்டினா எத்தனை மணி நேரம் கேரண்டின்னு எழுத்துல கேளுங்க. என்ன பதில் வந்துச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கறேன்.