கலரை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

சென்ற தீபாவளி விடுமுறைக்கு வந்த என் பேரன் கையில் ஒரு பட டிஸ்க்கோடு வந்தான். "தாத்தா, இது கறுப்பு வெள்ளைப் படம். உங்களுக்குப் பிடிக்கும்" என்றான். பழைய சிவாஜி படமோ என்று ஆவலாகக் கண்ணாடியைத் தேடினேன். பார்த்தால், 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு'! 2015இல் கலரில் வெளிவந்து ஆறு ஆஸ்கர் பரிசுகளை வாங்கிய படம். அதன் இயக்குநர் ஜார்ஜ் மில்லரே கலரை நீக்கி, 2016 டிசம்பரில் 'பிளாக் அண்ட் குரோம்' என்ற பெயரில், வீட்டில் பார்ப்பதற்கென்று வெளியிட்ட பதிப்பு அது.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. டில்லிக்கு வந்து குடித்தனம் நடத்திய நம்மில் பலருக்குக் காரணம் புரியும். 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி தூர்தர்ஷனில் கலர் வந்தது. எங்கள் வீட்டுக்கு அது வந்துசேர மேலும் ஐந்து வருஷம் ஆயிற்று. அதுவரை ஞாயிறு மதியம் எப்போதாவது தமிழ்ப் படத்தின் முறை வரும்போது, கலர் படத்தையும் கறுப்பு வெள்ளையாகவே பார்த்தோம். கதாநாயகியின் புடவை அரக்கா, பச்சையா என்று என் தாயாருக்கும் மனைவிக்கும் வாக்குவாதமே நடக்கும். இரண்டும் ஒரே சாம்பலாகத்தான் தெரியும். சிறுகச் சிறுகச் சேர்த்துக் கலர் டிவி வாங்கியவனிடம், "கலரை எடுத்துவிட்டார்கள், பாருங்கள்" என்றால் என்ன சொல்வது?

ஆனாலும் பார்த்தேன். பார்த்தபின், எங்கள் பழைய பெட்டி செய்த வேலையும் மில்லர் செய்த வேலையும் ஒன்றல்ல என்பது விளங்கியது.

டிவியில் கலர் அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாலும் படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். ஆனால் தக்காளியும் கறிவேப்பிலையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகி, படம் சப்பென்று போகும். முறையாகச் செய்பவர்கள் காட்சி காட்சியாக உட்கார்ந்து, எந்த நிறம் எவ்வளவு வெளுக்க வேண்டும், எது எவ்வளவு கறுக்க வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். அந்தக்கால ஒளிப்பதிவாளர்கள் லென்ஸுக்கு முன்னால் மஞ்சள் அல்லது சிவப்புக் கண்ணாடியைப் பொருத்தி, வானத்தைக் கறுக்கவைத்து மேகத்தை எடுப்பாகக் காட்டுவார்கள். அதையே இன்று கம்ப்யூட்டரில் பிற்பாடு செய்கிறார்கள்.

மில்லருக்கு இந்த ஆசை பிறந்த விதமும் சுவையானது. 1981இல் வந்த 'மேட் மேக்ஸ் 2' படத்துக்கு இசை சேர்க்கும்போது, வேலைக்கென்று மலிவாக எடுத்த கறுப்பு வெள்ளைப் பிரதியை ஓட்டினார்களாம். அதில் தெரிந்த அழகு அவர் மனதை விட்டு அகலவில்லை.

அவர் மட்டுமல்ல. ஃபிராங்க் டாரபான்ட் 'தி மிஸ்ட்' (2007) படத்தின் கறுப்பு வெள்ளை வடிவத்தை அடுத்த ஆண்டு டிவிடியில் தந்தார். ஜேம்ஸ் மேன்கோல்டின் 'லோகன்' 2017இலும், போங் ஜூன் ஹோவின் 'பாரசைட்' 2020இலும் இப்படி மறுவடிவம் பெற்றன.

இதில் நஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 'ஃப்யூரி ரோடு' கதையில் பெண்கள் பாலைவனத்தில் தேடிப்போவது ஒரு பசுமையான இடத்தை. கறுப்பு வெள்ளையில் பச்சைக்கு எங்கே போவது? கலர் தரும் சில விவரங்கள் விட்டுப்போகின்றன என்று மில்லரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் கண்ணைப் பறித்த ஆரஞ்சு மணலும் நீல இரவும் விலகியதும், முகங்கள் முன்னுக்கு வந்தன. கதாநாயகியின் கண்களை நான் சரியாகப் பார்த்தது அப்போதுதான்.

ஆகவே என் கட்சி இதுதான். படைத்தவரே மாற்றட்டும், கலர் வடிவமும் கூடவே இருக்கட்டும். 'லோகன்' டிஸ்க்கில் இரண்டையும் ஒரே பெட்டியில் தந்தார்கள், அது நியாயம். 2015இல் 'ஃப்யூரி ரோடு' வாங்கியவர் கறுப்பு வெள்ளைக்காக மறுபடி பணம் கொடுக்க நேர்ந்ததே, அது வியாபாரம்.

இதே அளவுகோலை மறுபக்கமும் வைத்துப் பார்க்கிறேன். தெலுங்கிலும் தமிழிலும் 1957இல் வந்த 'மாயாபஜார்' நினைவிருக்கிறதா? மார்கஸ் பார்ட்லி வெறும் விளக்குகளைக் கொண்டு நிலவைப் பொழிய வைத்தாரே! 2010இல் தெலுங்குப் படத்துக்கு நிறம் ஏற்றியபோது, இயக்குநர் கே.வி. ரெட்டியும் இல்லை, பார்ட்லியும் இல்லை. "ஐயா, உங்கள் நிலவுக்கு என்ன நிறம்?" என்று யாரைக் கேட்டிருப்பார்கள்? கறுப்பு வெள்ளை என்றால் குறைப்பட்ட படம், கலர் பூசினால்தான் இளைஞர்கள் பார்ப்பார்கள் என்ற எண்ணம்தான் அதற்குக் காரணம்.

அந்த எண்ணம் தவறு என்று எனக்குக் காட்டியவன் என் பேரன். "ஐயோ, பழைய படமா?" என்று எழுந்து போகிற பிள்ளைதான் அவனும். அன்று இரவு, சூட்டோடு சூடாக, எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) படத்தைப் போட்டேன். பாட்டில்லை, நடனமில்லை, நிழலும் சந்தேகமும்தான். அசையாமல் உட்கார்ந்து பார்த்தான். வசனத்தில் பாதி புரியவில்லை என்று நடுநடுவே நிறுத்தி அர்த்தம் கேட்டான். நான் சொல்லச் சொல்ல, படம் முடியும்போது மணி ஒன்றாகிவிட்டது. வெளியூரில் வளர்ந்த பிள்ளையோடு இவ்வளவு நேரம் தமிழ் பேசி எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இத்தகைய டிஸ்க்கைக் கொண்டுவந்தால் என்னைப் போலச் சிரித்துவிடாதீர்கள். உடன் உட்கார்ந்து பாருங்கள். அது முடிந்ததும் நம்முடைய படம் ஒன்றை எடுத்துப் போடுங்கள்.