ஹாலோ நைட்: சில்க்சாங் ஆட்டத்துக்குக் கிடைத்த விமர்சன வரவேற்பு

ஹாலோ நைட்: சில்க்சாங் என்பது ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரைச் சேர்ந்த டீம் செர்ரி என்னும் சிறு குழுவினர் உருவாக்கி, செப்டம்பர் 4, 2025 அன்று வெளியிட்ட ஒரு நிகழ்பட ஆட்டம் ஆகும். இது 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ஹாலோ நைட் ஆட்டத்தின் தொடர்ச்சி. இருண்ட உலகம், கடுமையான சண்டைகள், வழி தேடி அலையும் நீண்ட பயணம் ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள். தொழில்முறை விமர்சகர்கள் இதற்கு மிக உயர்ந்த மதிப்பெண்களை வழங்கினர். அதே வாரத்தில் இதன் கடினம் குறித்து ஆட்டக்காரர்களிடையே பெரும் விவாதம் எழுந்தது. சீன மொழியில் ஆடியவர்களோ மொழிபெயர்ப்பைக் கண்டித்து எதிர்மறையான மதிப்புரைகளை எழுதினர். ஒரே ஆட்டம் மூன்று விதமாக வரவேற்கப்பட்டதன் காரணங்கள் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

பின்னணி

ஹாலோ நைட் 2014இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டித் தொடங்கப்பட்டது. 35,000 ஆஸ்திரேலிய டாலர் இலக்காக வைக்கப்பட்டு, 57,000 டாலருக்கு மேல் கிடைத்தது. கூடுதல் நிதி கிடைத்தால் ஆட்டத்தில் இரண்டாவது பாத்திரம் ஒன்றையும் சேர்ப்பதாகக் குழுவினர் உறுதியளித்திருந்தனர். அப்பாத்திரமே ஹார்னெட். அவளுக்கான பகுதி எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வளர்ந்ததால், அதனைத் தனி ஆட்டமாக வெளியிடுவதாக 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது.

அறிவிப்புக்கும் வெளியீட்டுக்கும் இடையே ஆறரை ஆண்டுகள் கடந்தன. நீண்ட காலம் எவ்விதத் தகவலும் வராததால், இணையத்தில் இது ஒரு நகைச்சுவைப் பொருளாகவே மாறியது. சிக்கல் எதனாலும் தாமதம் ஏற்படவில்லை என்றும், வேலை மகிழ்ச்சியாக இருந்ததால் புதிய பகுதிகளைச் சேர்த்துக்கொண்டே போனதாகவும் உருவாக்குநர்களான ஆரி கிப்சனும் வில்லியம் பெல்லனும் 2025 ஆகத்தில் அளித்த பேட்டியில் தெரிவித்தனர். அதற்குள் முதல் ஆட்டம் ஒன்றரைக் கோடிப் படிகள் விற்றிருந்தது.

வெளியீட்டு நாள் இரண்டு வாரங்களுக்கு முன்பே அறிவிக்கப்பட்டது. இதனுடன் போட்டியிட விரும்பாத வேறு சில சிறு ஆட்டங்கள் தம் வெளியீட்டைத் தள்ளிவைத்தன. வெளியான வேளையில் ஸ்டீம் உள்ளிட்ட பல இணைய அங்காடிகள் நெரிசல் தாங்காமல் முடங்கின. ஸ்டீம் தளத்தில் மட்டும் ஒரே நேரத்தில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இதனை ஆடினர். அமெரிக்காவில் இதன் விலை ஏறக்குறைய 20 டாலர் ஆகும். இவ்வளவு பெரிய ஆட்டத்துக்கு இது மிகக் குறைந்த விலை என்று பலர் கருதினர்.

ஆட்டத்தின் வகை

இவ்வகை ஆட்டங்கள் மெட்ராய்டுவேனியா என்று அழைக்கப்படுகின்றன. மெட்ராய்டு (1986), காசில்வேனியா ஆகிய இரண்டு சப்பானிய ஆட்டத் தொடர்களின் பெயர்களை இணைத்து இச்சொல் உருவாயிற்று. ஆட்டக்காரர் ஒன்றோடொன்று பின்னிய பாதைகளைக் கொண்ட ஓர் உலகில் விடப்படுகிறார். தொடக்கத்தில் பல வழிகள் அடைபட்டிருக்கும். உயரத் தாவுதல், சுவரில் தொற்றி ஏறுதல் போன்ற திறன்களைப் பெற்ற பிறகு பழைய இடங்களுக்குத் திரும்பி அவ்வழிகளைத் திறக்கலாம். அறியாத இடத்தை அறிந்துகொள்வதே இவ்வகையின் முதன்மையான இன்பம்.

முதல் ஆட்டத்தின் நாயகன் பேசாத ஒரு சிறு பூச்சி வீரன். அவன் அழிந்துபோன ஒரு நாட்டின் ஆழத்தை நோக்கி இறங்கிச் செல்கிறான். தொடர்ச்சியில் ஹார்னெட் சிறைபிடிக்கப்பட்டு ஃபார்லூம் என்னும் நாட்டுக்குக் கொண்டுவரப்படுகிறாள். அவள் அந்நாட்டின் உச்சியிலுள்ள கோட்டை நகரை நோக்கி மேலே ஏற வேண்டும். வழியெங்கும் யாத்திரிகர்களின் எச்சங்கள் கிடக்கின்றன. பத்தியின் பெயரால் எளியவர்கள் சுரண்டப்படுவது கதையின் மையக் கருக்களில் ஒன்றாகும்.

விமர்சகர்களின் மதிப்பீடு

பொதுவாக ஓர் ஆட்டம் வெளியாகும் முன்பே விமர்சகர்களுக்கு அதன் படி அனுப்பப்படும். சில்க்சாங் அவ்வாறு அனுப்பப்படவில்லை. நிதி அளித்தவர்களும் நெடுநாள் காத்திருந்தவர்களும் ஆடுவதற்கு முன்பு விமர்சகர்கள் மட்டும் ஆடுவது முறையன்று என்று குழுவினர் கருதினர். இதனால் விமர்சகரும் வாசகரும் ஒரே நாளில் ஆடத் தொடங்கினர். முதல் சில நாட்களில் முழுமையற்ற, தொடர்ந்து எழுதப்படும் மதிப்புரைகளே வெளிவந்தன. முழு மதிப்புரைகள் பின்னரே வந்தன.

அவை வந்தபோது, மதிப்பெண்களைத் தொகுத்துச் சராசரி காட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் ஆட்டம் 100க்கு 90ஐத் தாண்டியது. கையால் வரையப்பட்ட காட்சிகள், கிறிஸ்டோபர் லார்க்கின் அமைத்த இசை, ஹார்னெட்டின் வேகமான அசைவுகள், உலகின் பரப்பு ஆகியன பாராட்டப்பட்டன. 2025 திசம்பரில் நடைபெற்ற தி கேம் அவார்ட்ஸ் விழாவில், சிறந்த அதிரடி-சாகச ஆட்டத்துக்கான விருதையும் இது பெற்றது.

இங்கு ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. முழு மதிப்புரை எழுதியவர்கள் பெரும்பாலும் ஆட்டத்தை இறுதிவரை ஆடியவர்கள். பலர் முதல் ஆட்டத்திலும் தேர்ந்தவர்கள். பாதியில் கைவிட்டவரின் அனுபவம் இத்தகைய சராசரிகளில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. பொதுமக்களும் அதே நாளில் ஆடத் தொடங்கியதால், அவ்வனுபவம் விமர்சகர்களின் தீர்ப்புக்கு முன்பே வெளியே வந்துவிட்டது.

கடினம் குறித்த விவாதம்

ஆட்டம் கடினமானது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அக்கடினம் நியாயமானதா என்பதே கேள்வியாக இருந்தது. இவ்விவாதத்தின் பெரும்பகுதியை ஓர் எளிய கணக்கின் மூலம் விளங்கிக்கொள்ளலாம்.

இரண்டு ஆட்டங்களிலும் உயிர் முகமூடிகளால் அளக்கப்படுகிறது. இரண்டிலும் தொடக்கத்தில் ஐந்து முகமூடிகள் உண்டு. முதல் ஆட்டத்தின் தொடக்கப் பகுதியில் பெரும்பாலான அடிகள் ஒரு முகமூடியை மட்டுமே பறிக்கும். ஆகவே ஐந்து அடிகள் வரை தாங்கலாம். சில்க்சாங்கில் தொடக்கத்திலிருந்தே இரண்டு முகமூடிகளைப் பறிக்கும் எதிரிகள் மிகுதி. அத்தகைய மூன்று அடிகளில் ஆட்டம் முடிந்துவிடும். ஆட்டக்காரர் பல மணி நேரம் தேடி ஆறாவது முகமூடியைப் பெற்றாலும், மூன்று அடிகளிலேயே அதுவும் தீர்ந்துவிடும். பெற்ற பரிசு பயன்படவில்லை என்னும் உணர்வு இதனால் எழுகிறது.

மறுதரப்பினர் இதே கணக்கை வேறு விதமாகக் காட்டினர். முதல் ஆட்டத்தில் ஒரு முறை குணப்படுத்திக்கொண்டால் ஒரு முகமூடியே திரும்பும். ஹார்னெட் பட்டு நூலைச் செலவிட்டு ஒரே முறையில் மூன்று முகமூடிகளை மீட்க முடியும். அவள் விரைவானவள், குதித்த நிலையிலும் குணப்படுத்திக்கொள்ள வல்லவள். எனவே எதிரிகளும் வலிமையாக இருப்பதே சமநிலை என்பது இவர்களின் வாதம். உருவாக்குநர்களும் ஏறக்குறைய இதே கருத்தைத் தெரிவித்துள்ளனர். ஒரு பாதையில் தடைபட்டவர் வேறு திசையில் சென்று வலிமை பெற்றுத் திரும்பலாம் என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டினர்.

இரண்டு கணக்குகளும் சரியானவையே. அடியைத் தவிர்க்கத் தெரிந்தவருக்கு இரண்டாவது கணக்கு பொருந்துகிறது. இன்னும் கற்றுக்கொண்டிருப்பவருக்கு முதலாவது பொருந்துகிறது. மூன்று முகமூடிகளை மீட்பதற்கான பட்டு, முதன்மையாக எதிரியை அடிப்பதால் சேரும். ஆகவே திறமையற்றவருக்கு அடியும் மிகுதி, மருந்தும் அரிது.

வேறு இரண்டு குறைகளும் பரவலாகக் கூறப்பட்டன. முதலாவது, தோற்ற பிறகு மீண்டும் சண்டைக்களத்தை அடைய நடக்க வேண்டிய நீண்ட தூரம். லாஸ்ட் ஜட்ஜ் என்னும் பெரிய எதிரிக்குச் செல்லும் வழி இதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்பட்டது. இரண்டாவது, ஓய்வெடுத்து ஆட்டத்தைச் சேமிக்க உதவும் இருக்கைகள் சிலவற்றுக்குக்கூடச் செபமாலை மணிகளைக் கட்டணமாகச் செலுத்த வேண்டியிருப்பது. வறுமையும் சுரண்டலும் நிறைந்த நாட்டைப் பற்றிய கதையில் இது பொருத்தமானது என்று சில விமர்சகர்கள் எழுதினர். வேலை முடித்து இரவில் ஒரு மணி நேரம் மட்டும் ஆட முடிந்தவர்களுக்கு இது நேரத்தைப் பறிக்கும் செயலாகவே தோன்றியது.

முதல் திருத்தமும் ஒரு முன்னுதாரணமும்

ஆட்டம் வெளியான சில நாட்களிலேயே முதல் திருத்தம் அறிவிக்கப்பட்டது. தொடக்கப் பகுதியிலுள்ள மூர்விங், சிஸ்டர் ஸ்பிளிண்டர் ஆகிய இரு பெரிய எதிரிகளின் வலிமை சற்றுக் குறைக்கப்பட்டது. இடைப்பகுதியில் சில கட்டணங்கள் குறைக்கப்பட்டு, மணிகளின் வரவு சற்றுக் கூட்டப்பட்டது. கணினியில் ஆடியவர்கள் சிலர் அதற்கும் காத்திராமல், இரட்டை அடியை ஒற்றை அடியாக மாற்றும் நிரல்களைத் தாமே எழுதிப் பகிர்ந்தனர்.

இருண்ட தொடர்ச்சி ஒன்று இத்தகைய விமர்சனத்தைச் சந்திப்பது இது முதல் முறையன்று. 2004இல் நின்டெண்டோ வெளியிட்ட மெட்ராய்டு பிரைம் 2: எக்கோசு ஆட்டமும் முந்தைய பகுதியைவிட இருண்டதாகவும் கடினமாகவும் அமைந்தது. ஒரே கோள் ஒளியுலகம், இருளுலகம் என இரண்டாகப் பிளந்திருக்கும். இருளுலகில் காற்றே நாயகியின் உயிரைக் குறைக்கும். விமர்சகர்கள் ஆட்டத்தைப் பாராட்டினர்; கடினத்தையும் குறிப்பிட்டனர். 2009இல் அத்தொடரின் மூன்று பகுதிகளும் வீ கருவிக்கு ஒரே தொகுப்பாக வந்தபோது, இரண்டாம் பகுதியின் பெரிய எதிரிகள் எளிதாக்கப்பட்டனர். அன்று விமர்சனத்துக்கும் திருத்தத்துக்கும் இடையே ஐந்து ஆண்டுகள் ஆயின. இன்று சில நாட்கள் போதுமானவையாக உள்ளன. வட்டில் வந்த ஆட்டம் ஒரு முடிந்த பொருள். இணையத்தின் வழி வரும் ஆட்டமோ விமர்சனத்துக்கேற்ப மாறக்கூடியது. இதனால் முதல் நாளில் எழுதப்பட்ட மதிப்புரை, அடுத்த மாதம் வாங்குபவரின் ஆட்டத்துக்கு முழுமையாகப் பொருந்தும் என்று கூற இயலாது.

இதற்கு மாறான மற்றொரு வழியும் உண்டு. 2018இல் வெளிவந்த செலஸ்டே என்னும் கடினமான ஆட்டத்தில் உதவி நிலை ஒன்று அமைக்கப்பட்டது. விரும்புபவர் வேகத்தைக் குறைக்கலாம், பாதிப்பின்றியும் ஆடலாம். அதனால் அவ்வாட்டத்தின் பெருமை குறைந்துவிடவில்லை. டீம் செர்ரி அவ்வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை.

சீன மொழிபெயர்ப்புச் சர்ச்சை

ஸ்டீம் தளத்தில் ஆட்டக்காரர்களின் மதிப்புரைகளை மொழிவாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். வெளியான முதல் நாட்களில் ஆங்கில மதிப்புரைகள் பெரிதும் நேர்மறையாக இருந்தன. எளிய சீனத்தில் எழுதப்பட்டவை பெரும்பாலும் எதிர்மறை என்னும் நிலைக்குச் சென்றன. மூலத்தில் சுருக்கமாகவும் அமைதியாகவும் இருந்த உரையாடல், சீனத்தில் பழங்கால வாள்வீரர் கதைகளின் செயற்கையான நடையில் இருப்பதாகக் குற்றம் சாட்டப்பட்டது. டீம் செர்ரியின் சார்பில் மேத்யூ கிரிஃபின் தரக்குறைவை ஒப்புக்கொண்டு, வரும் வாரங்களில் மொழிபெயர்ப்பை மேம்படுத்துவதாக அறிவித்தார்.

ஹாலோ நைட் தொடரின் கதை நேரடியாகச் சொல்லப்படுவதில்லை. கல்வெட்டிலும், வழியில் சந்திக்கும் பூச்சியின் இரண்டு வரிப் பேச்சிலும் அது சிதறிக் கிடக்கிறது. நடை மாறினால் குறிப்பும் மாறிவிடும். ஆகவே சீன ஆட்டக்காரர்கள் மதிப்பிட்டது ஆங்கில விமர்சகர்கள் மதிப்பிட்ட அதே படைப்பையே என்று கூறுவது கடினம்.

தமிழ்ச் சூழலில்

சில்க்சாங் இந்திய மொழி எதிலும் வெளிவரவில்லை. சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற பகுதிகளில் தமிழ்வழி பயிலும் ஒரு மாணவர் இதனை ஆட விரும்பினால் ஆங்கிலத்திலேயே ஆட வேண்டும். சண்டை புரியும், கதையின் பெரும்பகுதி நழுவிவிடும். தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதையைக் கூறும் வெண்பா என்னும் ஆட்டம் கனடாவிலிருந்து 2023இல் வெளிவந்து, 2024இல் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. தமிழ் வாழ்க்கை ஆட்டத்தின் பொருளாக முடியும் என்பதை அது காட்டியது. வேற்று மொழி ஆட்டங்களைத் தமிழாக்கும் பணி இன்னும் பரவலாகவில்லை.

கோப்பு, திற, சேமி போன்ற கட்டளைச் சொற்கள் தன்னார்வலர்களின் மென்பொருள் தமிழாக்கங்களால் ஏற்கனவே பழகிவிட்டன. பாத்திரங்களின் பேச்சே கடினமான பகுதியாக இருக்கும். ஹார்னெட் ஒரு யாத்திரிகரை நீ என்பாளா, நீர் என்பாளா? யாத்திரிகர் எழுத்துத் தமிழில் பேச வேண்டுமா, பேச்சுத் தமிழிலா? தமிழின் படர்க்கை வினைமுற்று பொதுவாகத் திணையையும் பாலையும் காட்டும். ஹார்னெட் வந்தாள் எனலாம். ஆண் பெண் என்ற பிரிவு இல்லாத முதல் ஆட்டத்தின் வீரனுக்கு, இக்கட்டுரையில் உள்ளதுபோல் அவன் என்றால் மூலத்தில் இல்லாத பால் வந்து சேர்கிறது. வந்தது என்றால் அவ்வுயிர் அஃறிணையாகிவிடுகிறது. இவற்றைச் சிந்திக்காமல் எல்லோரையும் ஒரே செந்தமிழில் பேசவைத்தால், சீனத்தில் நிகழ்ந்தது தமிழிலும் நிகழும்.

மதிப்பீடு

சில்க்சாங்கின் வரவேற்பை ஒரே எண்ணில் அடக்க இயலாது. 90ஐத் தாண்டிய சராசரி, ஆங்கிலம் அறிந்து, கடினத்தைக் கடக்கும் நேரமும் பயிற்சியும் பெற்றவர்கள் கண்ட ஆட்டத்தைச் சரியாகவே மதிப்பிடுகிறது. மற்றவர்கள் கண்ட ஆட்டத்தைப் பற்றி அது குறைவாகவே கூறுகிறது. ஆட்டம் ஒன்றை வாங்கக் கருதுபவர், மதிப்புரை எழுதியவர் எவ்வளவு தூரம் ஆடினார், எந்த மொழியில் ஆடினார், எந்தத் திருத்தத்துக்குப் பின் ஆடினார் என்னும் மூன்றையும் பார்ப்பது பயனுள்ளதாகும்.