பாதையோரப் பூக்களின் பெயர் அறிவோம்

நான்கு பருவங்கள் மாறிமாறி வரும் நாடுகளில், பனிக்காலம் நீங்கி இளவேனில் பிறந்ததும், காட்டுப் பூக்களைக் காண்பதற்கென்றே மக்கள் நாட்டுப்புறப் பாதைகளில் நடந்து செல்வர். நம் பேராவில் பனிக்காலமும் இல்லை; அத்தகைய இளவேனிலும் இல்லை. ஆயினும் பால்மரம் நமக்கென ஓர் இளவேனிலை அளிக்கின்றது. ஆண்டின் தொடக்க மாதங்களில் அதன் இலைகள் பழுத்து உதிர்கின்றன. சில வாரங்களில் செந்தளிர் துளிர்க்கின்றது. அதனோடு மஞ்சள் நிறச் சிறு பூக்களும் மணம் பரப்புகின்றன. தென் அமெரிக்காவிலிருந்து வந்த அம்மரத்தின் கன்றுகள் ஒன்பது, 1877-ஆம் ஆண்டில் நம் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று இன்றும் அங்கே நிற்கின்றது.

மாணவச் செல்வங்களே! தோட்டப் பாதையில் நடக்கும்போது சற்றே குனிந்து பாருங்கள். தொட்டவுடன் இலை மடக்கும் தொட்டாற்சுருங்கி அங்கே உண்டு. இலைக்காம்பின் அடியிலுள்ள சிறு புடைப்பிலிருந்து நீர் விலகுவதால் இலை தளர்ந்து மடிகின்றது. மலாய் மொழியில் அதனைச் ‘செமாலு’ என்பர். நாணம் என்பது பொருள். சற்று அப்பால் ஊதா நிற இதழ்களுடன் ‘செண்டுடோக்’ பூத்திருக்கும். அதன் பழம் நாவைக் கருநீலமாக்கும். பால்மரங்களுக்கிடையே படரும் பயற்றங்கொடிகளிலும் ஊதாப் பூக்கள் உண்டு. மழையில் மண் அரித்துச் செல்லாமல் காக்கவும், வேர் முடிச்சுகளின் வழியே நிலத்திற்குத் தழைச்சத்தைச் சேர்க்கவுமே அவை விதைக்கப்பட்டன.

செம்பனைத் தோட்டங்களிலும் பூக்கள் வேலை செய்கின்றன. தர்னேரா என்னும் செடியையும், இளஞ்சிவப்பாய்ப் பூக்கும் கொடிரோஸையும் சாலையோரம் நட்டு வளர்க்கின்றனர். அழகு மட்டுமே அதற்குக் காரணம் அன்று. பை போன்ற கூட்டைச் சுமந்துகொண்டு ஓலையைத் தின்னும் புழுக்களை அழிக்கும் சிறு குளவிகள், இப்பூக்களின் தேனை உண்டே வாழ்கின்றன. ஆகவே, பாதையோரப் பூ பயனற்றது என்று எவரும் சொல்லிவிடுதல் இயலாது.

இத்துணைச் செல்வம் காலடியில் இருந்தும், அவற்றின் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. ‘புல்’, ‘செடி’, ‘பூ’ என்னும் மூன்று சொற்களுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிடுகின்றனர். இது பிள்ளைகளின் குற்றம் அன்று. பால்மரக் காடுகள் பல செம்பனையாகவும் வீட்டுமனைகளாகவும் மாறின. லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பல ஈப்போவுக்கும் பிற பட்டணங்களுக்கும் குடிபெயர்ந்தன. நடந்து பள்ளிக்கு வந்த பிள்ளைகள் இன்று வண்டியில் வந்து இறங்குகின்றனர். பாதை மறைந்தது, பாதையோடு பெயர்களும் மறைகின்றன.

அப்பெயர்களை அறிந்தவர் யார்? நம் தோட்டங்களில் களைக்கு மருந்து தெளித்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. தம் உடல்நலத்தைப் பணயம் வைத்து அவர்கள் அவ்வேலையைச் செய்தனர். அவர்கள் கையாண்ட நஞ்சுகளுள் ஒன்றான பாராகுவாட், 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில்தான் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. எந்தச் செடி எங்கே முளைக்கும், எது கசக்கும், எது புண்ணை ஆற்றும், எது நஞ்சு என்பனவற்றை அப்பாட்டிமார் அறிவர். அவ்வறிவை எழுதி வைத்தவர் இல்லை. அவர்கள் மறைந்தால் அதுவும் மறையும். இதுவே என் கவலை.

தமிழருக்குப் பூவறிவு புதிதன்று. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என நிலங்களுக்கே மரஞ்செடிகளின் பெயரைச் சூட்டிய இனம் நம் இனம். கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் நிரலாக வருகின்றன. அத்தகைய மரபில் வந்த பிள்ளை ஒன்பது பூக்களையேனும் அறிந்திருத்தல் வேண்டாமா?

ஆகவே, மாதம் ஒருமுறை ஒவ்வொரு வகுப்பும் ஆசிரியருடன் பூக்களைக் காண நடைப்பயணம் செல்லுதல் வேண்டும் என்பது என் கருத்து. கண்ட பூவை வரைந்து, அதன் பெயரைத் தமிழிலும் மலாயிலும் எழுதி, கண்ட இடத்தையும் நாளையும் குறித்தல் வேண்டும். பெயர் தெரியாவிட்டால் வீட்டிலுள்ள பாட்டியிடம் கேட்டு வருதல் வேண்டும். இதற்குப் பணம் தேவையில்லை. குறிப்பேடு ஒன்று போதும்.

‘படிப்பு கெடுமே’ என்று பெற்றோர் சிலர் அஞ்சலாம். ஆறாம் ஆண்டுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021-ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. பார்த்தல், வரைதல், கேட்டு எழுதுதல் ஆகியவையும் படிப்பே ஆகும். ‘பாம்பு இருக்குமே’ என்னும் அச்சம் நியாயமானது. ஆதலின், காலணி அணிந்து, பெரியவர் துணையோடு, தெளிந்த பாதையில் மட்டுமே நடத்தல் வேண்டும். அரளி, எருக்கு போன்றவற்றைத் தொடாமலும், எதனையும் வாயில் வைக்காமலும் இருக்கப் பழக்குதல் வேண்டும்.

கோப்பெங் அருகிலுள்ள உலு கெரோவில், இலையும் தண்டும் இல்லாத ரப்லேசியா என்னும் பெரும்பூவைக் காணப் பலர் வருகின்றனர். செமாய் பூர்வகுடியினரே அங்கு வழிகாட்டுகின்றனர். தம் காட்டை அறிந்தவர்க்குக் கிடைத்த மதிப்பு அது.

பெற்றோர்களே! அடுத்த விடுமுறையில் உங்கள் பிள்ளையைப் பழைய தோட்டத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் நடந்த பாதையைக் காட்டுங்கள். ஒரு பூவின் பெயரையேனும் சொல்லிக் கொடுங்கள். பெயர் அறிந்த செடியை எந்தப் பிள்ளையும் வீணே மிதிக்காது.