ஏழு தரம் கழுவினால் போதுமா?

லீவுக்கு நாகூர், சென்னை என்று குடும்பத்தோடு புறப்படும் உறவுகளே, ஒன்று கேட்கிறேன். தெருநாய் நக்கினால் நஜீஸ் என்று பதறி மண் போட்டு ஏழு தரம் கழுவுகிறோம். அது மார்க்கம், சரி. அதே நாய் பிள்ளையைக் கீறினால் மட்டும் "சின்னக் காயம்தானே, ஊருக்குப் போய்ப் பார்ப்போம்" என்கிறோமே, இது என்ன நியாயம்?

விசர்நாய்க்கடி நோயின் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. உடனே சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சளும் மிளகாய்த்தூளும் மருந்தல்ல. அன்றே அங்குள்ள ஆஸ்பத்திரியில் முதல் ஊசியைப் போடுங்கள். துண்டைக் கையோடு கொண்டு வந்தால் மிச்ச ஊசிகளை இங்கே போடலாம்.

நாயைக் கண்டு ஓடாதே, கல்லெறியாதே, கீறினால் மறைக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சொன்ன பிள்ளையை ஏசாதீர்கள்.

ஷொப்பிங்குக்கு இரண்டு நாள் ஒதுக்குகிற நமக்கு, ஊசிக்கு ஒரு மணித்தியாலம் இல்லையா?