பால் சுறா

அம்பத்தூர் மார்க்கெட்டில் ஐஸ் மேல் அடுக்கிக் கிடக்கும் பால் சுறாவைப் பார்த்தால், டைனோசருக்கே மூத்த பரம்பரை என்று யாருக்கும் தோன்றாது. சுறா இனம் கடலில் தோன்றி 40 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களை ஒழித்த பேரழிவையும் தாண்டி வந்த வம்சம். உடம்பில் எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு.

மற்ற மீன்கள் ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் முட்டையிடும். பால் சுறா குட்டி போடும். அதுவும் நம்மைப் போலவே, வயிற்றுக்குள் தொப்புள்கொடி வழியாக ஊட்டி வளர்த்து! பாலூட்டிகளுக்குச் சம்பந்தமில்லாமல் சுறாக்களிடம் தனியாக உருவான ஏற்பாடு இது. ஏறக்குறைய ஒரு வருஷம் சுமக்கும். அதிகம் போனால் ஒரு ஈற்றுக்கு எட்டுக் குட்டி.

அதைத்தான் பிள்ளை பெற்றவளுக்குப் புட்டாக்கிக் கொடுக்கிறோம், பால் ஊறும் என்று. என் தாயார் காலத்திலிருந்து எங்கள் வீட்டிலும் இதே வழக்கம்தான். ருசியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குழந்தை அடிக்கடி குடித்தாலே பால் ஊறும். சுறா உடம்பில் பாதரசம் சேர்வதால், பாலூட்டும் பெண்கள் அதைத் தவிர்க்க வேண்டும் என்றே அமெரிக்க அரசு அறிவுறுத்துகிறது.

திமிங்கலச் சுறாவுக்கு 2001-ல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு வந்தது. 2015-ல் சுறாத் துடுப்பு ஏற்றுமதிக்குத் தடை. பால் சுறாவோ இன்றும் மார்க்கெட்டில் தாராளமாகக் கிடைக்கிறது. காசிமேட்டு மீனவரைச் சொல்லிப் பயனில்லை. நாம் கேட்கிறோம், ஆவடி, பூந்தமல்லி வரை வருகிறது.

பேத்தி பிரசவத்துக்கு வரப்போகிறாள். நெத்திலியும் பூண்டுக் குழம்பும் போதும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். என் மனைவி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.