படகோனியா ரீல்ஸும் பழவேற்காட்டுப் படகும்

அந்த ரீல்ஸை நீங்களும் பார்த்திருப்பீங்க. தென் அமெரிக்காவின் கடைக்கோடி, இரண்டு பக்கமும் பனிமலை, நடுவில் ஒரு குட்டிக் கப்பல். சிலியின் புன்டா அரினாஸில் கிளம்பி அர்ஜென்டினாவின் உசுவாயா வரை போகும் இந்தக் கப்பல்களில் சுமார் 200 பேர்தான் ஏற முடியும். டிக்கெட்டோடு விமானச் செலவையும் சேர்த்தால் நம்மில் பலருக்குப் பல மாதச் சம்பளம்.

சரி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடித்தவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன இருக்கு? பொன்னேரி ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடித்தால் பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. நவம்பர் முதல் மார்ச் வரை பூநாரைகள். 1613-ல் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையின் மிச்சம், அவர்களுடைய கல்லறைகள். ஒரு காலத்தில் சென்னைக்கு விறகும் உப்பும் படகில் வந்த பக்கிங்ஹாம் கால்வாயும் இந்த ஏரி வழியாகத்தான் போகுது. பனிமலை ஒன்றுதான் பாக்கி!

ஆனால், சட்டப்படி நீங்க படகு ஏற முடியாது.

காரணம் 2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் அன்று சுற்றிப்பார்க்க வந்தவர்கள் ஏறிய மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆட்கள். லைஃப் ஜாக்கெட் கிடையாது. மாவட்ட நிர்வாகம் சுற்றுலாப் படகுகளுக்குத் தடை போட்டது. அந்த நேரத்தில் அது சரியான முடிவுதான்.

ஆனால், தற்காலிக மருந்தாக இருக்க வேண்டிய தடை நிரந்தரமாகிவிட்டது. அதன் பிறகும் திருட்டுத்தனமாகச் சவாரி நடப்பதாகச் செய்திகள் வந்தபடியே இருக்கு. திருட்டுச் சவாரியில் யார் தலை எண்ணுவார்கள், யார் ஜாக்கெட் கேட்பார்கள்? அதாவது, 22 உயிரைப் பறித்த அதே ஆபத்து அப்படியே இருக்கு, பார்வைக்குத்தான் மறைந்திருக்கு.

லைசென்ஸ் கொடுத்துவிட்டால் போதுமா என்றால், அதுவும் போதாது. கேரளாவில் 2023 மே 7 அன்று தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்ததில் இறந்தவர்களும் 22 பேர்தான். படகுச் சுற்றுலாவுக்கே பேர்போன மாநிலம் அது. அங்கேயும் மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டி, ஆட்களை அடைத்து, பொழுது சாய்ந்த பிறகு ஓட்டியிருக்கிறார்கள். படகைப் பதிவு செய்வது, தகுதி பார்ப்பது எல்லாம் 2021-ன் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டத்தில் தெளிவாக இருக்கு. கரையில் நின்று 'இத்தனை பேர்தான்' என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

படகோனியாவில் நாம் பார்க்க வேண்டியதும் இதைத்தான். பனிக்குப் பக்கத்தில் போக ரப்பர் படகுக்கு மாறும்போது ஜாக்கெட் போடாதவரை ஏற்ற மாட்டார்கள். இன்னும் தெற்கே அன்டார்டிகாவில், ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது என்பது கப்பல் நிறுவனங்களே கட்டுப்பட்டிருக்கும் விதி.

எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது பழவேற்காட்டுக்குப் புதுசும் இல்லை. இங்கே 'பாடு' என்று ஒரு முறை தலைமுறைகளாக இருக்கு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று மீனவக் கிராமங்களே முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். சுற்றுலாப் படகுக்கும் அதேபோல முறை வைக்கலாம்: இத்தனை படகு, இத்தனை பேர், முகத்துவாரம் பக்கம் போகக் கூடாது, இருட்டுவதற்குள் கரை. பிச்சாவரத்தில் அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகமே படகு விடும்போது இங்கே ஏன் முடியாது?

ஒரு சிக்கல் உண்டு. 'பாடு' முறைக்குள் எல்லோருக்கும் இடமில்லை. கையாலேயே இறால் பிடிக்கும் இருளர்கள் அதற்கு வெளியேதான் நிற்கிறார்கள். படகு வருமானமும் அதே கைகளுக்கு மட்டும் போனால் புதுச் சண்டைதான் வரும். ஏரியின் தமிழகப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம் என்பதால் வனத்துறையின் ஒப்புதலும் வேண்டும். மோட்டார் சத்தத்துக்குப் பூநாரை பறந்துவிட்டால் எதைப் பார்க்கப் போவது? துடுப்பும் கோலும் போட்டுத் தள்ளும் படகே போதும். ஏரியின் பெரும்பகுதி ஆழமில்லாததுதான்.

அதுவரைக்கும், கரையில் யாராவது 'வாங்க சார், ஒரு ரவுண்டு' என்று கூப்பிட்டால் ஏறாதீங்க. லைட்ஹவுஸ் குப்பம் போகும் பாலத்தில் நின்றாலே ஏரி தெரியும்.